அடுப்பை எண்ணிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்: 40 பேருக்குத் தீபாவளிக் கறிவிருந்து

40 பேருக்குச் சமைக்கக் கைப்பக்குவம் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் அடுப்புக் கணக்கு. வீட்டில் இருப்பது இரண்டு பர்னர். இட்லி, குழம்பு, காபி, சுக்கா, கோலா, சோறு எல்லாம் அந்த இரண்டில்தான் வரிசையில் நிற்க வேண்டும். பலகாரப் பட்டியலை முதலில் போட்டுவிட்டு, அடுப்பைப் பிறகு யோசிக்கிற வீட்டில் முதல் பந்தி மூன்று மணிக்குத்தான் உட்காரும்.

அதற்கும் முன்னால் கேட்டுத் தெளிய வேண்டியது அமாவாசை. நம் மதுரைப் பக்கம் தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு. ஆனால் சதுர்த்தசியும் அமாவாசையும் ஒரே நாளில் கைமாறுவது அடிக்கடி நடக்கும். 2024 அக்டோபர் 31, 2025 அக்டோபர் 20 இரண்டு தீபாவளியிலும் பிற்பகல் நாலு மணியை ஒட்டி அமாவாசை பிறந்தது. சில வீடுகளில் திதி பிறக்கும் முன் சாப்பிட்டு முடித்தால் போதும் என்பார்கள். சில வீடுகளில் அன்று முழுக்கக் கறி கூடாது. கேதார கௌரி நோன்பு இருக்கிறவர்கள் அடுப்பைக் கழுவிவிட்டுத்தான் நோன்புப் பலகாரம் செய்வார்கள். அப்பத்தாவிடம் ஒரு தடவை, சம்பந்தி வீட்டில் ஒரு தடவை, பத்து நாள் முன்பே கேட்டுவிடுங்கள். தலை தீபாவளி மாப்பிள்ளை வருகிற வருடம் என்றால் இது ரொம்ப முக்கியம். 11 கிலோ கறியை வாங்கி வைத்துவிட்டு "எங்க வீட்ல இன்னைக்குத் தொட மாட்டோம்" என்று கேட்பதைவிடப் பெரிய சங்கடம் கிடையாது.

இந்தக் கணக்கு முழுக்க 28 பெரியவர்கள், 12 பிள்ளைகள், அதில் 20 பேர் முதல் நாள் ராத்திரியே வந்து தங்குகிறவர்கள் என்று வைத்துப் போட்டது. எட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு அரை இலை என்று எண்ணினால் சரியாக இருக்கும். சாப்பாடு மதியம் 12.30க்கு முதல் பந்தி, 1.15க்கு இரண்டாம் பந்தி.

பட்டியல் இவ்வளவுதான்: காலையில் இட்லி, கறிக்குழம்பு. மதியம் சீரகச்சம்பா பிரியாணி, தாளிச்சா, தயிர் வெங்காயம், சுக்கா, கோலா உருண்டை, கொஞ்சம் வெள்ளைச் சோறு, ரசம், மோர். கடைசியில் ஜிகர்தண்டா. இதற்கு மேல் குடல் கூட்டு, ஈரல் வறுவல், மீன் வறுவல் என்று ஒருவர் சேர்க்கச் சொல்வார். அதை அவர் வீட்டு அடுப்பில் ஆக்கித் தூக்குவாளியில் கொண்டுவரச் சொல்லுங்கள். கறி சாப்பிடாதவர் இரண்டு பேராவது இருப்பார்கள். தாளிச்சாவில் எலும்பு போடும் முன் ஒரு சட்டி எடுத்து வைத்துவிட்டால் அவர்களுக்கும் சோற்றுக்கு ஆயிற்று. கூட ஒரு உருளைக்கிழங்கு வறுவல் போதும்.

கறி

பிரியாணிக்கு 5 கிலோ, காலைக் குழம்புக்கு 2½, சுக்காவுக்கு 2½, கோலாவுக்கு எலும்பில்லாத கொத்துக்கறி 1. மொத்தம் 11 கிலோ. உயிரோடு 24 கிலோ நிற்கிற கிடாயை அறுத்தால் எலும்போடு ஏறக்குறைய இந்த எடை கிடைக்கும். உயிரெடையில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் கறி என்பது பொதுக் கணக்கு. தலை, கால், குடல் தனி. ஒரு கிடாயை முழுசாகப் பேசுவதா, கடையில் வாங்குவதா என்பது உங்கள் வசதி. முழுசாகப் பேசினால் துண்டு போடுவது உங்கள் சொல்படி நடக்கும் என்பது பெரிய லாபம்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து ஊர்களில் பத்துப் பேர் சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடுகிற பங்குக்கறி கிடைக்கும். ருசிக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கூறிலும் தொடை, நெஞ்செலும்பு, ஈரல், நுரையீரல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்துதான் வரும். குழம்புக்கு அதுதான் சிறப்பு. பிரியாணிக்கு ஆகாது. ஒரு துண்டு வெந்து கரையும்போது இன்னொன்று கடிபடாமல் நிற்கும்.

பிரியாணித் துண்டு எலும்போடு 50, 60 கிராம் இருக்கட்டும். தொடையும் சப்பையும் பாதிப் பாதி. சுக்காவுக்குச் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக, எலும்பு குறைவாக. கொழுப்பு வெள்ளையாக, கறி இளஞ்சிவப்பாக இருந்தால் இளங்கிடா. கருஞ்சிவப்பும் மஞ்சள் கொழுப்பும் முற்றல். அது வேக அரை மணி நேரம் கூடப் பிடிக்கும், உங்கள் நேரக் கணக்கு முழுக்கச் சரிந்துவிடும்.

கறியை இரண்டு தவணையாக வாங்குங்கள். குழம்புக் கறியும் கொத்துக்கறியும் முதல் நாள் சாயங்காலம், மிச்சம் 7½ கிலோ தீபாவளி விடியற்காலை. கடைக்காரரிடம் இரண்டு நாள் முன்பே எடையையும் வெட்டையும் சொல்லி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். அன்று காலை நாலு மணிக்கே கடை வாசலில் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தில் "பிரியாணிக்குத் தனியா, சுக்காவுக்குத் தனியா" என்று யாரும் நின்று வெட்டித் தர மாட்டார்கள்.

பலசரக்கைப் பத்து நாள் முன்பே முடியுங்கள். கீழமாசி வீதியில் மசாலாச் சாமான், கீழமாரட் வீதியில் வெங்காயம் என்று ஒரே நடையில் வாங்கலாம். கடைசி வாரத்தில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கூட்டத்துக்குள் ஒரு மூட்டை வெங்காயத்தோடு ஆட்டோ நகராது.

வாடகைச் சாமான்

பெரிய அடுப்பு ஒன்று, அதற்கான 19 கிலோ வணிக சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தே எடுங்கள். வீட்டு ரெகுலேட்டர் பெரிய அடுப்புக்கு வேண்டிய வேகத்தைத் தராது. தீ மஞ்சளாக நின்று பாத்திரத்தில் கரி பிடிக்கும். வேகமாக எரியும்போது சிலிண்டர் குளிர்ந்து மேலே வேர்க்கும், உள்ளே காஸ் இருந்தும் தீ சிறுத்துவரும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைப்பதோ சுடுதண்ணீர் ஊற்றுவதோ வேண்டாம். தீயைக் கொஞ்ச நேரம் குறைத்து வைத்தால் தானே சரியாகும். காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். சாக்கடை ஓரம், படிக்குக் கீழே, குழிவான இடம் எதிலும் சிலிண்டரை நிறுத்தக் கூடாது.

அடுப்பு கொல்லையில், வெடி தெருவாசலில். இதில் சமரசமே வேண்டாம். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும், பிள்ளைகள் கடிகாரம் பார்த்து வெடிப்பதில்லை. ஐப்பசி மழை வேறு இருக்கிறது. கொல்லையில் தார்ப்பாய் கட்டுங்கள், ஆனால் அடுப்புக்கு நேர் மேலே ஏழெட்டு அடியாவது உயரம் விட்டு, இரண்டு பக்கம் காற்று போகத் திறந்து கட்டுங்கள்.

பிரியாணி அண்டா 30 முதல் 35 லிட்டர் பிடிக்க வேண்டும். அரிசி, தண்ணீர், கறி எல்லாம் சேர்ந்து 20 லிட்டரை நெருங்கும். முக்கால் பாகத்துக்கு மேல் நிரம்பினால் கிளற இடமிருக்காது. தட்டிப் பார்த்து அடி கனமானதாக எடுங்கள். வாடகைக் கடை அலுமினியத்தில் சிலது அடி தேய்ந்து தகடாக இருக்கும், அதில் தம் போட்டால் கருகுவது நிச்சயம். ரசத்துக்கும் தயிருக்கும் அலுமினியம் வேண்டாம், எவர்சில்வர் கேளுங்கள். அண்டாவுக்குப் பொருந்தும் மூடி, தட்டைக் கரண்டி, இரண்டு சாதக் கரண்டி, நாலு வாளி, நாலு குழிக்கரண்டி. மூடியைக் கடையிலேயே வைத்துப் பாருங்கள். நெளிந்த மூடி ஆவியை விட்டுவிடும்.

முதல் நாள்

இட்லி அரிசி 1½ கிலோ, உளுந்து 375 கிராம், ஒன்றரைத் தேக்கரண்டி வெந்தயம். 90 முதல் 100 இட்லி வரும். தங்கியிருக்கிற 20 பேருக்கு இது தாராளம். ஐப்பசிக் குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது. மதியம் இரண்டு மணிக்குள் அரைத்துக் கையால் கரைத்து வையுங்கள். ராத்திரி அரைத்த மாவு விடியற்காலையில் கல்லாகத்தான் வேகும்.

சாயங்காலம் வந்த 2½ கிலோ கறியில் குழம்பை அன்றிரவே வைத்துவிடுங்கள். கறிக்குழம்பு மறுநாள்தான் ருசி கூடும், அடுப்பும் காலையில் மிச்சமாகும். தேங்காய் அரைத்து ஊற்றுவதை மட்டும் நிறுத்தி வையுங்கள். தேங்காய் சேர்த்த குழம்பு ராத்திரி முழுக்க வெளியில் நின்றால் புளித்துவிடும். சூடு ஆறியதும் இரண்டு சின்னப் பாத்திரமாகப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் தேங்காய் ஊற்றித் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

கோலாவுக்குக் கொத்துக்கறியை மஞ்சள், உப்பு மட்டும் போட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வதக்கி ஈரம் முழுக்கச் சுண்ட விட வேண்டும். ஆறியதும் 200 கிராம் பொட்டுக்கடலைப் பொடி, ஒரு மூடித் தேங்காய்த் துருவல், சோம்பு, கசகசா, பட்டை, கிராம்பு, பச்சைமிளகாய் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைத்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் பிசைந்து நெல்லிக்காய் அளவில் பிடித்தால் 50 உருண்டை வரும். ஆளுக்கு ஒன்று, மறைத்து வைக்கப் பத்து. எண்ணெயில் உருண்டை பிரிந்தால் காரணம் இரண்டுதான்: கறியில் ஈரம் நின்றிருக்கிறது, அல்லது எண்ணெய் காயவில்லை. ஈரத்துக்கு இன்னும் இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலைப் பொடி. முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை. உருண்டை பிடித்து மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் பொரிப்பது மட்டும் பாக்கி.

ஜிகர்தண்டாவுக்கு 7 லிட்டர் பாலை 5 லிட்டராகச் சுண்டக் காய்ச்சுங்கள். 40 கிராம் பாதாம் பிசினைக் கழுவி 2 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்தால் காலையில் பெரிய கிண்ணம் நிறையப் பொங்கி நிற்கும். அதில் மரப்பட்டைத் துணுக்கு கிடக்கும், பொறுக்க வேண்டும். கூட முக்கால் லிட்டர் நன்னாரி சர்பத், 2 லிட்டர் ஐஸ்கிரீம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: குழம்பு, கோலா, பால் மூன்றும் ஒரே குளிர்பெட்டியில் அடங்காது. பக்கத்து வீட்டில் இடம் கேளுங்கள், இல்லையென்றால் ஜிகர்தண்டாவை விட்டுவிட்டுப் பாசிப்பருப்புப் பாயசம் வையுங்கள். சூடான பாலை உள்ளே வைத்து மற்றதையும் கெடுப்பதற்குப் பாயசமே மேல்.

அன்று காலை அடுப்பு ஓடும் வரிசை

பெரிய அடுப்பின் முதல் வேலை பிரியாணி அல்ல, வெந்நீர். 20 பேர் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும்; நாலு மணிக்கு ஓர் அண்டா வெந்நீர் கொதித்தால் ஐந்தரைக்குள் எல்லாரும் முடித்துவிடுவார்கள். கீசரை நம்பினால் கடைசி ஆள் குளிக்கும்போது எட்டு மணி.

உள்ளே முதல் பர்னரில் ஐந்து மணியிலிருந்து இட்லி. 16 இட்லித் தட்டு ஒரு ஈடு வேக 12 நிமிடம். எடுத்து, ஊற்றி, மறுபடி வைப்பதோடு ஆறு ஈட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது பர்னரில் காபிக்குப் பால், பிறகு குழம்பு. எட்டரைக்கு முதல் பர்னரில் சுக்கா, இரண்டாவதில் பருப்பு வேக வைத்துத் தாளிச்சா. பத்தே காலுக்கு ரசம். 11.15க்கு 1½ கிலோ வெள்ளைச் சோறு, 11.30க்குக் கோலா பொரிக்க எண்ணெய். இந்த வரிசையில் புதிதாக ஒரு பதார்த்தம் நுழைந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும்.

பிரியாணிக்குப் பெரிய அடுப்பு 9.15க்கு எரிய வேண்டும். 4 கிலோ அரிசிக்கு, 5 கிலோ கறிக்கு: பெரிய வெங்காயம் 1½ கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி முக்கால் கிலோ, இஞ்சி 250 கிராம், பூண்டு 350 கிராம், பச்சைமிளகாய் 150 கிராம், மிளகாய்த்தூள் 70 கிராம், தயிர் முக்கால் லிட்டர், புதினா மல்லி நான்கு நான்கு கட்டு, எண்ணெய் 600 மில்லி, நெய் கால் லிட்டர், எலுமிச்சை நாலு, கல்லுப்பு 150 கிராம். பட்டை 25 கிராம், ஏலக்காய் 15 கிராம், கிராம்பு 12 கிராம், அன்னாசிப்பூ 10 கிராம், கொஞ்சம் கல்பாசி, பிரிஞ்சி இலை. பாதிப் பட்டை கிராம்பைத் தாளிக்கவும், மீதியைப் பொடித்துக் கறியோடும் சேருங்கள். தக்காளியைக் கூட்ட வேண்டாம். தக்காளி ஏறினால் சீரகச்சம்பாவின் மணம் செத்துவிடும்.

வெங்காயம் பொன்னிறமாக வதங்க இந்த அளவுக்கு 20 நிமிடம் பிடிக்கும். இஞ்சி பூண்டு அடியில் ஒட்டத் தொடங்கும். ஒட்டியதை அவ்வப்போது சுரண்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே விட்ட ஒட்டல்தான் பிற்பாடு தம்மில் கருகிப் புகை வாசம் தருவது. கறி சேர்த்துப் பிரட்டித் தயிர் ஊற்றி, 4 லிட்டர் தண்ணீரில் மூடி வேக விட்டால் இளங்கறி ஒரு மணி நேரத்தில், முக்கால் பதத்துக்கு மேலே வந்திருக்கும். நகத்தால் அழுத்தினால் விட வேண்டும், எலும்பைவிட்டுக் கழலக் கூடாது.

பெரும்பாலான பிரியாணி குழைவது இந்த இடத்தில்தான். சீரகச்சம்பா 20 நிமிடம் ஊறியிருந்தால் ஒரு அளவு அரிசிக்கு ஒன்றரை அளவு நீர். 4 கிலோ அரிசி ஏறக்குறைய 5 லிட்டர் அளவு, அப்படியானால் நீர் ஏழரை லிட்டர். அந்த ஏழரையில் அண்டாவில் ஏற்கனவே நிற்கிற கறிச்சாறும் அடக்கம். வெங்காயம், தயிர், கறி மூன்றும் தண்ணீர் விட்டிருக்கும். ஊற்றிய 4 லிட்டர் இப்போது ஐந்தாகக்கூட நிற்கலாம். சாற்றை வாளியில் அளந்து பார்த்துவிட்டுக் குறைகிறதை மட்டும் கொதிநீராக ஊற்றுங்கள். ஒரு கிலோவுக்கு அளந்த தண்ணீரை அப்படியே நாலால் பெருக்குவதும் தப்பு. பெரிய அண்டாவில் ஆவியாகும் பங்கு குறைவு. அரிசி ஓராண்டு பழசா, இந்தப் போகத்துப் புதுசா என்று கடையில் கேளுங்கள். புதுசென்றால் அரை லிட்டருக்கு மேல் குறைக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் முதல் நாள் ஒரு ஆழாக்கு மட்டும் வடிக்காமல் ஆக்கிப் பார்த்துவிடலாம்.

சாறு கொதிக்கும்போது உப்பு ஒரு கல் தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி விழுந்ததும் இறங்கிவிடும். 11.15க்கு அரிசி. முழுத் தீயில் எட்டிலிருந்து பத்து நிமிடம், அரிசி ஒடியாமல் ஓரத்திலிருந்து தட்டைக் கரண்டியால் இரண்டே தடவை புரட்டல். சாறு அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேலே குமிழிக் குழிகள் தெரியும்போது எலுமிச்சை, நெய், மீதிப் புதினா. வாழை இலையால் மூடி, அதன்மேல் மூடி, மூடிமேல் கொதிநீர்ப் பாத்திரம். அண்டாவுக்குக் கீழே கனத்த தோசைக்கல். சிறு தீயில் 25 நிமிடம், தீயை அணைத்து இன்னும் 20 நிமிடம். இதற்குள் யாராவது "வெந்துருச்சான்னு பார்ப்போம்" என்று மூடியைத் தூக்க வருவார்கள். வயதில் பெரியவராக இருந்தாலும் தடுங்கள்.

மேலரிசி முரடாக இருந்தால் ஒரு குவளை கொதிநீர் தெளித்து மறுபடி மூடிப் பத்து நிமிடம். ஈரமாக நின்றால் இலையை எடுத்துவிட்டு, மூடிக்கடியில் காய்ந்த பருத்தித் துணி கட்டி மூடுங்கள். ஆவியைத் துணி வாங்கிக்கொள்ளும். அடிப்பிடித்த வாசம் வந்தால் கிளறவே கூடாது. அண்டாவைத் தீயிலிருந்து இறக்கி ஈரச்சாக்கின்மேல் வைத்து, மேல் முக்கால் பாகத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் விருந்து தப்பிக்கும்.

பந்தி

ஒரு இலைக்கு இரண்டு அடி. 20 அடி நீளக் கூடத்தில் எதிரெதிரே இரண்டு வரிசையில் 18 பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாம். சம்மணம் போட முடியாத அம்மாச்சிகளுக்கும் தாத்தாக்களுக்கும் ஒரு மேசை, ஆறு நாற்காலி. இலை 50 வாங்குங்கள். கிழிசல் நாலைந்து இருக்கும். மாட்டுத்தாவணியில் முதல் நாளே வாங்கி, சுருளைப் பிரிக்காமல் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் வாடாது. நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம்.

பரிமாற நாலு பேர் போதும். ஒருவர் கையில் பிரியாணி, ஒருவர் சுக்காவும் கோலாவும், ஒருவர் தாளிச்சா, தயிர் வெங்காயம், ஒருவர் தண்ணீர். சுக்காவைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். முதல் வரிசையிலேயே வாளி காலியாகும். குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் மூன்று, கைகழுவக் குழாய் வைத்த டிரம் ஒன்று கொல்லையில்.

முதல் பந்தியில் பிள்ளைகளும் பெரியவர்களும் புது மாப்பிள்ளையும். இரண்டாம் பந்தியில் மற்றவர்கள். சமைத்தவர்களும் பரிமாறினவர்களும் கடைசியாக உட்காரும்போது சட்டியில் எலும்பும் தாளிச்சாவும்தான் மிஞ்சும் என்பது பல வீட்டு வழக்கம், மோசமான வழக்கம். முதல் பந்திக்கு இலை போடும் முன்னே பத்துக் கோலா, ஒரு கிண்ணம் சுக்கா, ஒரு தூக்குவாளி பிரியாணி எடுத்துத் தனியே வையுங்கள். எங்கே இருக்கிறது என்பது அயித்தைக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மிச்சப் பிரியாணியை அண்டாவிலேயே மூடி வைக்காதீர்கள். மேலே ஆறினாலும் நடுவில் வெதுவெதுப்பு நின்று சாயங்காலத்துக்குள் நொந்துவிடும். அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, மூன்று மணிக்குள் ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கறியைத் தனியாக, சோற்றைத் தனியாகக் கட்டினால் பேருந்தில் கசியாது. அமாவாசை பார்க்கிற வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். அவர்களுக்கு முறுக்கும் அதிரசமும்.

நாலு மணிக்கு எல்லாருக்கும் ஆளுக்கொரு உருண்டை தீபாவளி லேகியம். அதற்குள் அண்டாவில் அரை வாளி சுடுதண்ணீரும் ஒரு கைப்பிடி சோடா உப்பும் ஊற்றி ஊற வைத்துவிடுங்கள். அடிக்காந்தல் காய்ந்துவிட்டால் தேய்க்க ஆள் கிடைக்காது, கழுவாமல் திருப்பினால் வாடகைக் கடையில் தனிக்கூலி கேட்பார்கள். ஏற்றி அனுப்பும்போது கரண்டியை எண்ணுங்கள். குழிக்கரண்டி ஒன்று எப்போதும் ரசச்சட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும்.